யார் குனிவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், முதலில் என் கால்களை மட்டும்தான் பார்த்தார். மிச்ச உடம்பு சமையலறை மேடைக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. ஒரு கையில் ஸ்பானர். மற்றொரு கையில் கைபேசி விளக்கு. தலைமாட்டில் ஒரு பழைய துண்டு. சட்டையெல்லாம் கறுப்புத் தண்ணீர். அவர் குனிந்து பார்த்து, உண்மையான மனவருத்தத்தோடு கேட்டார்:

"என்ன ஸார் இது? நீங்கள் ஓர் எழுத்தாளர். உங்களுக்கு ஏன் இந்தச் சாக்கடை வேலை?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் வாயில் அப்போது ஒரு ரப்பர் வாஷர் இருந்தது. அதை எடுத்துப் பேசினால் கை நழுவிக் குழாய் மூக்கின் மேல் விழும் நிலைமை. ஆகவே மௌனமாக இருந்தேன். அவர் என் மௌனத்தை வெட்கம் என்று எடுத்துக் கொண்டு, காப்பி சாப்பிட்டு விட்டுப் போய் விட்டார்.

இப்போது என் வாய் காலியாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நண்பர் நல்லவர், என்னிடம் அன்புள்ளவர். அவர் கேட்ட கேள்விதான் பொல்லாதது. அது அவருடைய சொந்தக் கேள்வியும் அல்ல. நம்மில் படித்தவர்கள் அத்தனை பேரும் சுமந்து கொண்டு திரிகிற கேள்வி.

நான் குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்கு வீட்டின் இரண்டாவது மாடியில். வாடகை வீடு. வந்து ஆறு வருஷமாகிறது. சமையலறையில் கடப்பைக் கல் மேடை; அதில் பதித்த ஒரு மெல்லிய எஃகுத் தொட்டி. தொட்டிக்கு மேல் சுவரில் ஒரு குழாய். அந்தக் குழாய் நாங்கள் வந்த நாளிலிருந்தே சொட்டிக் கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் கழிவுக் குழாய் பூட்டும் இடத்தைச் சுற்றித் தகடு அரித்துப் போய், அங்கிருந்தும் கசிவு. கசிவைப் பிடிக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை அந்த வாளியை எடுத்துக் கொட்டி விட்டுத் திரும்ப வைக்க வேண்டும். வைத்தது யார்? என் மனைவி. ஆறு வருஷம்! நானோ அந்த ஆறு வருஷத்தில் இரண்டு நாவல்களும், பெண்களின் துயரத்தைப் பற்றிப் பலர் பாராட்டிய சில சிறுகதைகளும் எழுதினேன். வாளி என் கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டது. ஆனால் அதை என் விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஓர் இரவு அந்த வாளி நிறைந்து வழிந்து தரை ஈரமாயிருந்தது. அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பாத்திரம் தேய்க்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. முதல் நாள் தொட்டியின் முன்னால் நின்றவன், இரண்டாம் நாள் வாளியைப் பார்த்தேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. வாசகர்கள் கவனிக்க வேண்டும்: ஆறு வருஷம் வராத கோபம், என் கை நனைந்த மூன்றாவது நாள் வந்து விட்டது!

கோபத்தில் முதலில் செய்த காரியம், குழாய் சொட்டுவதை அளந்ததுதான். இரவு பத்து மணிக்கு அடியில் வைத்த பத்து லிட்டர் வாளி, காலை ஆறு மணிக்கு விளிம்பு வரை நிறைந்திருந்தது. எட்டு மணி நேரத்தில் 10 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 30 லிட்டர். ஆறு வருஷத்துக்கு 65,700 லிட்டர். ஆரம்பத்தில் குறைவாகச் சொட்டியிருக்கும் என்று பாதியாகவே கணக்கிட்டாலும், 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் கிட்டத்தட்ட மூன்று லாரித் தண்ணீர். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் இந்தச் சென்னைப் பட்டணம் ஏரிகளெல்லாம் வறண்டு, குடத்தை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்திருந்ததே, அதை மறந்து விட்டவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று லாரியைச் சாக்கடையில் விட்டவன் நான். அதற்குக் காரணம் சில ரூபாய் விலையுள்ள ஒரு தேய்ந்த வாஷர்.

அடுத்தபடியாக வீட்டுக்காரரிடம் போனேன். அவர் கீழ்த் தளத்தில் இருக்கிறார். அமைதியான மனிதர். அவர் இரண்டு வாக்கியங்கள் சொன்னார். முதல் வாக்கியம்: "குடியிருக்கிறது நீங்கள், நீங்கள்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்." சரி, நானே மாற்றி விடுகிறேன் என்றேன். இரண்டாம் வாக்கியம்: "என் வீட்டில் எதிலேயும் கை வைக்காதீர்கள்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் பட்டணத்து வாடகைக் குடித்தனம் நடக்கிறது. கெட்டுப் போனால் உன்னுடையது; சரி செய்யப் போனால் என்னுடையது! இந்த நியாயத்தை வீட்டுக்காரர்கள் மட்டும் உண்டாக்கவில்லை. குடியிருப்பவர்களான நாமும் அதில் கூட்டு. "நம் வீடா என்ன? இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ" என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டுகிறோம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிக்கிறோம். ஆனால் அந்த வீட்டில்தான் நம் குழந்தைகள் நடை பழகுகின்றன. நம் தாயார் கண்ணை மூடுகிறார்கள். வாழ்வது மட்டும் சொந்த வாழ்க்கை. வீடு மட்டும் பிறத்தியார் வீடா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் யார் எதைப் பழுது பார்ப்பது என்று அதன் பின்னிணைப்பில் பங்கு பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, தேவையானபோது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர் மாற்றுவது, வடிகால் சுத்தம், கைகழுவும் தொட்டி, சமையலறைப் பொருத்துகள் ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் பங்கு. மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு மாதிரியாகக் கொடுத்த சட்டமும் இதே பங்கீட்டைத்தான் சொல்கிறது. ஆக, வீட்டுக்காரர் சொன்ன முதல் வாக்கியத்தில் நியாயம் இருந்தது. தொட்டியும் குழாயும் என் பொறுப்புத்தான். ஆறு வருஷமாக அவரைத் திட்டியது என் சோம்பேறித்தனத்துக்கு நான் கற்பித்துக் கொண்ட நொண்டிச் சாக்கு! இரண்டாம் வாக்கியத்துக்குத்தான் நியாயம் இல்லை. அதே அளவுத் தொட்டி, அதே இடம், சுவரை உடைக்க மாட்டேன், கல்லை வெட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். "உங்கள் இஷ்டம்; செலவை என்னிடம் கேட்காதீர்கள்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. குடியிருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: வாயால் கேட்டதை வாயாலேயே மறுக்கலாம். எழுதிக் கேளுங்கள், பழையதைப் படம் எடுத்து வையுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். நாளை வருகிறேன் என்றார். நாளையும் நாளையென்றே போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வட்டாரத்துக்கே இருக்கிறவர் அவர் ஒருவர். உடைந்து கொட்டுகிற குழாய்களை விட்டு விட்டுச் சொட்டுகிற குழாய்க்கு வர முடியுமா? நான்காம் நாள் நானே இறங்கினேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் பாதியில் பௌதிகமும் இருந்தது. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காணும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த மார்க்கின் யோக்கியதை இப்போது தெரிந்தது. கடைக்குப் போனவன் ஆசைப்பட்டு, பழையதை விட ஆழமான, ஒன்பது அங்குல ஆழமுள்ள தொட்டியை வாங்கி வந்தேன். நீளம், அகலம் எல்லாம் சரி: 24-க்கு 18 அங்குலம். மேடைக் கல்லில் வெள்ளை சிமெண்டைப் பெயர்த்துப் பழையதை எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. புதியதை இறக்கிப் பார்த்தால், அதன் கழிவு வாய், சுவரிலுள்ள குழாய் வாயை விடத் தாழ்ந்து நிற்கிறது! தண்ணீர் மேலேறிப் போகுமா? தலையில் அடித்துக் கொண்டு தொட்டியைச் சுமந்து கடைக்கே திரும்பினேன். கடைக்காரர் சிரிக்காமல் ஏழு அங்குலத் தொட்டியை மாற்றிக் கொடுத்தார். கூடவே பாடமும் சொன்னார்: கழிவுக் குழாய் ஒரு மீட்டர் ஓடினால் இரண்டரை சென்டிமீட்டராவது இறங்க வேண்டும்.

அதோடு போயிற்றா? குழாயைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை அடைக்க வேண்டும். சமையலறைக்கென்று இருந்த வால்வு திருகினால் திரும்பாமல் இறுகிப் போயிருந்தது. மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டி வால்வையே மூடினேன். அது எனக்கு மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து என்பது, தலையில் சோப்பு நுரையோடு நின்று கொண்டு பக்கத்து வீட்டு மாமி போட்ட கூச்சலில்தான் தெரிந்தது. பிறகு வாளிகளில் பிடித்து வைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு, முறைப்படி மூடினேன். புதுக் குழாயின் மரையில் வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றிப் பூட்டினேன், உடனே ஒழுகியது. மரை போகும் திசையிலே, அதாவது முனையைப் பார்த்துப் பிடித்தால் கடிகார முள் போகும் திசையிலே சுற்ற வேண்டும். நான் எதிர்த் திசையில் சுற்றியிருந்தேன். பூட்டப் பூட்ட நாடா உரிந்து வந்து விட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு அறிவு இருக்கிறதே என்று அன்று முதல் தடவையாக எனக்கு மரியாதை உண்டாயிற்று.

நண்பர் வந்தது அந்தச் சமயத்தில்தான். பிளம்பர் வந்ததும் அன்று சாயங்காலமே. வேலை முடிந்து விட்டது என்று நான் குழாயைத் திறந்து காட்டினேன். கீழே ஒரு சொட்டு இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

"இப்படித் திறந்து பார்த்தா தெரியாது ஸார். தொட்டியை ரொப்பி, ஒரேயடியா விடணும்."

அடைப்பை வைத்து விளிம்பு வரை நிரப்பி, அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் சுழித்து இறங்கியது. அடியில் மூன்று சொட்டு! வாஷரை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். அவர் கழற்றினார், மாட்டினார், கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் திருப்பினார். ஐந்து நிமிஷம். என்ன கூலி என்றேன். "ஐந்து நிமிஷத்துக்கு என்ன ஸார் கூலி?" என்றார். அவர் வழக்கமாக வாங்கும் கூலியை முழுதாகக் கொடுத்தேன். எனக்கு ஒரு பகல் முழுவதும் தெரியாத ஒன்று அவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்ததற்குத்தானே கூலி? வாங்கிக் கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"நீங்க செஞ்சா எங்க பொழைப்புப் போயிடும்னு சொல்வாங்க ஸார். அப்படியெல்லாம் இல்லே. செஞ்சு பார்த்தவங்கதான் எங்ககிட்டே பேரம் பேச மாட்டாங்க."

நண்பரே, உமது கேள்விக்கு வருகிறேன். "எழுத்தாளருக்கு ஏன் இந்தச் சாக்கடை வேலை?" இந்த வாக்கியத்தில் 'எழுத்தாளர்' என்பதை எடுத்து விட்டு 'வக்கீல்' என்று போடலாம்; 'வாத்தியார்', 'கம்ப்யூட்டர் என்ஜினீயர்' என்று போடலாம். வாக்கியம் அப்படியே நிற்கும். மாறாமல் நிற்கிற சொல் எது? 'சாக்கடை வேலை.' அந்த வேலைக்கென்று சிலர் பிறந்திருக்கிறார்கள், மற்றவர்கள் அதைத் தொடாமல் இருக்கப் பிறந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜாதி என்பது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். சமையலறைத் தொட்டிக்கு அடியில், நாம் குனிய மறுக்கிற அந்த இரண்டடி இருட்டிலும் அது சௌக்கியமாகக் குடியிருக்கிறது. வாடகை கொடுக்காமலேயே!

நம் எச்சில் தட்டைத் தேய்த்த தண்ணீர்தானே அது? நாம் சாப்பிட்ட சோறு, நாம் தாளித்த எண்ணெய், நாம் குடித்த காப்பியின் கசடு. தொட்டியின் மேல் இருக்கிற வரை அது சாப்பாடு. ஓட்டையைத் தாண்டி ஓர் அங்குலம் இறங்கியதும் அது 'சாக்கடை'. அதைத் தொட வேறு ஒருவன் வர வேண்டும். ஓர் அங்குலத்தில் இவ்வளவு பெரிய மாறுதலைச் செய்யும் ரசாயனம் உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் கிடையாது.

தொட்டிக்கு அடியில் வளைந்திருக்கும் ஒரு குழாய்த் துண்டைப் பார்த்திருப்பீர்கள். 'டிராப்' என்று கடையில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது இல்லவே இல்லை. நெளிநெளியான ஒரு பிளாஸ்டிக் குழாயை நேரே சுவர்க் குழாய்க்குள் சொருகி, சுற்றிக் கந்தல் துணியை அடைத்திருந்தார்கள். ஆறு வருஷம் கரப்பான் பூச்சியும் நாற்றமும் வந்த வழி அதுதான். அந்த வளைவின் தத்துவம் மிகவும் எளிது. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். இரண்டங்குலம் நின்றால் போதும். கீழேயிருக்கிற சாக்கடைக் காற்று அதைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது. 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிவறைக்காக இப்படி ஒரு வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். சாக்கடையைப் பற்றி யோசிப்பது தம் கௌரவத்துக்குக் குறைவு என்று அந்தக் கடிகாரக்காரர் நினைத்திருந்தால், உலகத்து வீடுகள் இன்னும் எத்தனை காலம் நாறிக் கொண்டிருக்குமோ தெரியாது.

சாக்கடைக் காற்று என்றால் வெறும் நாற்றம் அல்ல. அதிலே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் நாற்றமே தெரியாது. முகரும் சக்தியை முதலில் கொன்று விட்டுப் பிறகு ஆளைக் கொல்லும். நமக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவே இரண்டங்குலத் தண்ணீர் காவல் இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் இறக்கி விடப்படுகிறானே ஒரு மனிதன், அவனுக்கு அந்த இரண்டங்குலமும் கிடையாது.

அப்படி இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடுத்து 2013-இல் மற்றொரு சட்டம். 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்திற்று. தொகையை உயர்த்த வேண்டி வந்ததிலிருந்தே, சாவு நிற்கவில்லை என்பது விளங்கவில்லையா? நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகளிலே இந்தச் சாவுகளில் நம் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றிருக்கிறது. எதில் முன்வரிசை பார்த்தீர்களா!

"என் வீட்டுத் தொட்டிக்கும் அந்தச் சாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நேரான சம்பந்தம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய கழிவுக் குழாயைக் கழற்றியபோது உள்ளே என்ன இருந்தது தெரியுமா? சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, புளிச் சக்கை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து மெழுகு போல் உறைந்த எண்ணெய். ஆறு வருஷத்து மெனுவை அங்கே படித்து விடலாம். இதே எண்ணெயும் பருக்கையும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கித் தெருச் சாக்கடையில் போய் உறைகின்றன. அடைத்துக் கொள்கிறது. தண்ணீர் மேலே வழிகிறது. நாம் மூக்கைப் பிடித்துக் கொண்டு புகார் செய்கிறோம். இயந்திரம் வந்தால் நல்லது. வராவிட்டால், அல்லது அவசரம் என்று யாராவது நாலு நோட்டை நீட்டினால், ஒருவன் மூடியைத் திறந்து கொண்டு இறங்குகிறான்.

நான் அந்தக் குழாயை என் கையாலே சுரண்டிச் சுத்தம் செய்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் தொட்டி ஓட்டையின் மேல் ஒரு சல்லடை இருக்கிறது. பருக்கை குப்பைக் கூடைக்குப் போகிறது. வாணலி எண்ணெயைப் பழைய காகிதத்தால் துடைத்த பிறகுதான் தேய்க்கிறோம். யாரும் எனக்கு உபதேசம் செய்யவில்லை. துப்புரவைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன்; அவையெல்லாம் செய்யாததை அந்த அரை மணி நேரத்து அருவருப்பு செய்து விட்டது. தன் அழுக்கைத் தானே எடுக்கிறவனுக்குத்தான் எதை அழுக்காக்குகிறோம் என்பது தெரியும்.

1901-ஆம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போன காந்தி, அங்கே கழிவறைகள் இருந்த லட்சணத்தைக் கண்டு, தொண்டர்களிடம் சொல்லிப் பார்த்தார். அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அந்த மனிதரின் முகத்தை நாம் ரூபாய் நோட்டில் அச்சடித்திருக்கிறோம். 2016 முதல் வந்த நோட்டுகளின் பின்புறம் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் தனியாக அச்சடித்திருக்கிறோம். துடைப்பத்தை மட்டும் அச்சடிக்கவில்லை. கண்ணாடி பார்ப்பதற்கு, துடைப்பம் குனிவதற்கு. பார்ப்பதற்கு நமக்கு ஆட்சேபணையே இல்லை.

நான் சொல்வதை யாரும் திரித்துக் கொள்ள வேண்டாம். எல்லா வேலையையும் எல்லாரும் செய்து கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்குப் பொதுவான பெரிய குழாயிலோ, மின்சாரக் கம்பியிலோ, காஸ் இணைப்பிலோ தெரியாதவன் கை வைத்தால் அது உழைப்பின் மதிப்பு அல்ல, அயலானுக்குச் செய்யும் துரோகம். கூலி கொடுக்கக் கஞ்சத்தனப்பட்டுக் கொண்டு 'தன் கையே தனக்கு உதவி' என்று பழமொழி பேசுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. நான் சொல்வது ஒன்றே ஒன்று: உன் வீட்டுத் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நீ குனிந்து பார். வாஷரை நீயே மாற்று. டிராப்பை நீயே கழற்றிக் கழுவு. உன் மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பானரை எடுத்துக் கொடுக்கச் சொல். நாளைக்கு அவர்கள் எந்த உத்தியோகத்துக்குப் போனாலும் போகட்டும். ஒரு வேலையைக் கையால் செய்பவனை 'டா' போட்டுக் கூப்பிட அவர்களுக்கு நாக்குக் கூசும். அது ஒன்று போதும்.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். வேலை முடிந்த வாரம் வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். புதுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். முகம் மலர்ந்தது. "பிரமாதம் ஸார். வீடே புதுசாய் ஆகி விட்டது. அடுத்த வருஷம் வாடகையை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொள்ளலாம்" என்றார்.

நான் கோபித்துக் கொள்ளவில்லை. உள்ளே போய் ரசீதுகளைக் கொண்டு வந்தேன். தொட்டி 2,600 ரூபாய், குழாய் 950, டிராப் 600, கப்ளிங் 250, நாடாவும் பசையும் 300, சில்லறை 120. ஆக மொத்தம் 4,820. அவர் எழுத்தில் தந்த பதிலையும் பக்கத்தில் வைத்தேன். "நான் பணம் போட்டு, நான் குனிந்து செய்த வேலைக்கு நானே உங்களுக்கு வாடகை தர வேண்டுமா ஸார்?" என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதில்லை... மற்ற வீடுகளிலும் இதே மாதிரிதான் ஒழுகுகிறது. அந்தத் துணி அடைத்ததை எல்லாம் எடுத்து விட்டு இதே டிராப் போட்டு விடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றேன். அந்த பிளம்பரைக் கூப்பிட்டு, கூலியைக் குறைக்காமல் கொடுத்துச் செய்யச் சொன்னேன். வாடகைப் பேச்சு அடுத்த வருஷம் திரும்பவும் வரும், எனக்குத் தெரியும். வரட்டும். ரசீது பத்திரமாக இருக்கிறது.

மனைவிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. பாத்திரம் தேய்ப்பது என் வேலையாகவே இருக்கட்டும் என்று சொல்லி விட்டேன். முதல் நாள் இரவு, ஆறு வருஷப் பழக்கத்தில் அவள் படுக்கப் போகுமுன் மேடைக்கு அடியில் குனிந்து இடது கையை நீட்டினாள். பிறகு நிமிர்ந்து, "என்னங்க, வாளி எங்கே?" என்றாள்.

நண்பரே, இதுதான் உமது கேள்விக்கு என் பதில். வருகிற ஞாயிற்றுக்கிழமை உமது வீட்டுக்கு வருகிறேன். உமது வீட்டுச் சமையலறையிலும் மேடைக்கு அடியில் ஒரு வாளி இருப்பதாக உமது சம்சாரம் என் மனைவியிடம் சொன்னார்களாம். ஸ்பானரும் நாடாவும் நான் கொண்டு வருகிறேன்; விளக்கையும் நானே பிடிக்கிறேன். குனிய வேண்டியவர் மட்டும் நீர்.